கருப்புக்குக் கோபம் வருமா?

அக்கா மகள் மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அனுப்பிய கேள்வி இது:

“மாமா, நேத்து ராத்திரி ரூம்ல பெரிய பேச்சு. நாங்க நாலு பேரு. ஒருத்தி சர்ச்சுக்குப் போறவ, ஒருத்தி அஞ்சு வேளை தொழுறவ, ஒருத்தி சாமியே இல்லைங்கிறவ, அப்புறம் நான். கடைசில ‘எல்லாம் ஒரே கடவுள்தான், பேருதான் வேற’ன்னு சொன்னேன். மூணு பேருமே ஒத்துக்கல. நான் சொன்னது தப்பா? இன்னொன்னு. கடவுள்னா குணமில்லாதது, உருவமில்லாததுன்னு வகுப்புல நடத்துனாங்க. மாசி சிவராத்திரிக்குப் பரீட்சை இருக்கு, குலசாமி கும்பிட ஊருக்கு வர முடியாதுன்னு சொன்னதுக்கு அப்பத்தா ‘கருப்பு கோவிச்சுக்கும்’ங்குது. குணமே இல்லாததுக்குக் கோவம் எப்படி வரும்? ரெண்டுல எது நிஜம்?”

முதல் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன், தாயி. நீ நல்ல மனதோடுதான் சொன்னாய், ஆனால் அது சரியில்லை. உன் தோழிகள் தலையாட்டாததில் நியாயம் இருக்கிறது. ஒருத்தி பிறந்ததிலிருந்து கேட்டும் பாடியும் அழுதும் மனதில் வைத்திருப்பதை, ‘அட, அது எங்க வீட்டுச் சாமிதான்’ என்று நம் வீட்டுத் திண்ணைக்கு இழுத்து வந்துவிட்டால், அவள் சொன்னதை நாம் காதில் வாங்கவே இல்லை என்றுதான் அர்த்தம். முப்பத்து நாலு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். அதில் பாதிக் காலம் இதே வாக்கியத்தை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பார். இந்த உயிரை உண்டாக்கியது யார்? சர்ச்சுக்குப் போகும் தோழி, ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் எல்லாவற்றையும் படைத்தார் என்பாள். தொழுகிறவள், ‘ஆகுக’ என்றான், ஆகிவிட்டது என்பாள். இருவர் சொல்வதும் ஓரளவு பக்கத்தில் பக்கத்தில் வரும். நம் சைவ சித்தாந்தத்தைக் கேள். இறைவன் உயிரைப் படைக்கவே இல்லை என்று அது சொல்கிறது. பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற அழுக்கு மூன்றுக்கும் தொடக்கம் கிடையாது. ‘பதியினைப் போற்பசு பாசம் அனாதி’ என்பது திருமந்திரம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரத்தில் சிவஞானபோதம் செய்தபோது இதைத்தான் கட்டுக்கோப்பாக நிறுத்தினார். குயவர் பானை வனைகிறார், மண்ணை அவர் உண்டாக்குவதில்லை என்று உவமை சொல்வார்கள். இது ஏதோ பண்டிதர்களுக்கு மட்டுமான சண்டை என்று நினைக்காதே. எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கிய கடவுளிடம், ‘என் பிள்ளைக்கு ஏன் இந்த நோயைக் கொடுத்தாய்’ என்று நேராகக் கேட்டுவிடலாம். சித்தாந்தத்தின் கடவுளிடம் அப்படிக் கேட்க முடியாது. அழுக்கு அவர் வைத்ததல்ல. அவர் அதைக் கழுவ வந்தவர். அழுகிற தாய் எந்த வாசலில் போய் நிற்கிறாள், என்ன கேட்கிறாள் என்பதே இதில் மாறிப்போகிறது.

சின்னப் பிள்ளையில் உன்னைக் கீழக்குயில்குடிச் சமணர்மலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். செட்டிப்புடவுக் குகையில் தீர்த்தங்கரர் உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்கள் அவரை யாரோ ஒரு செட்டியார் என்று நினைத்துக்கொண்டதால்தான் குகைக்கு அந்தப் பெயர். ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அங்கே இருக்கிறார். சமணத்தில் உலகைப் படைத்தவர் யாரும் இல்லை. தன் வினையைத் தானே அறுத்துக் கரையேறியவரே வணங்கத் தக்கவர். அவர் உன் வேண்டுதலைக் கேட்கமாட்டார், வரம் தரமாட்டார், கோபிக்கவும் மாட்டார். அதுதான் அவர் பெருமை. அதே மலையின் அடிவாரத்தில், தாமரைக் குளத்தங்கரையில் அய்யனார் கோயில். அவர் ராத்திரியில் குதிரை ஏறி ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறவர். மேலே எதுவும் வேண்டாமல், எதுவும் செய்யாமல் இருப்பவர். கீழே தூங்காமல் நமக்காக அலைபவர். ஒரே மலையில் எத்தனை தூரம் பார்த்தாயா? இதை மனதில் வைத்துக்கொள், பிறகு இங்கேதான் திரும்பி வரப்போகிறேன்.

‘பேருதான் வேற’ என்றாயே, அந்தப் பெயர் சின்ன விஷயம் இல்லை. தமிழில் ‘இறை’ என்றால் அரசன்; அரசனுக்குக் கட்டும் வரியும் இறைதான். கோயில் என்பது கோவின் இல், ராஜா வீடு. ஆண்டவன் ஆண்டவன்தான். ‘சாமி’ வடமொழியிலிருந்து வந்தது, உடையவன் என்று பொருள். இப்படிச் சொற்களை வைத்துக்கொண்டு பார்த்தால் நமக்குக் கடவுள் முதலில் ஓர் ஆட்சி. மீனாட்சிக்குச் சித்திரையில் பட்டாபிஷேகம் நடத்திச் செங்கோல் கொடுத்து, ஆவணியில் சொக்கர் பொறுப்பேற்கும்வரை ‘இப்போ அம்மா ஆட்சி’ என்று ஊரே சொல்வது வெறும் பேச்சில்லை. திருக்குறளின் முதல் அதிகாரத்துக்குக் கடவுள் வாழ்த்து என்று தலைப்பு இருக்கிறது. ஆனால் குறட்பாக்களுக்குள் ‘கடவுள்’ என்ற சொல் வராது. ஆதிபகவன், வாலறிவன், தனக்குவமை இல்லாதான், வேண்டுதல் வேண்டாமை இலான் என்று தன்மையைச் சொல்லிக்கொண்டே போவார். எந்த வீட்டாரும் தம்முடையது என்று எடுத்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது.

இந்தச் சொல் சங்கடத்தை முழுசாக அனுபவித்தவர்கள் பாதிரிமார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ்ப் புத்தகத்தின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. அப்போது கடவுளுக்கு அவர்கள் எடுத்த சொல் தம்பிரான். 1606-இல் இத்தாலியிலிருந்து மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டினார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார், கடவுளைச் சர்வேசுரன் என்றார். பின்னால் வந்த சீர்திருத்த சபையாரின் வேதப் புத்தகத்தில் பராபரன் வந்தது; 19-ஆம் நூற்றாண்டில் அது தேவன் ஆயிற்று. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் கடவுள் என்றிருக்கிறது. முந்நூறு, நானூறு வருடம் ஏன் இத்தனை தவிப்பு? ஒரு சொல்லைக் கூப்பிட்டால் அதன் சொந்தபந்தம் எல்லாம் கூடவே வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும். தேவன் என்றால் பின்னாலேயே முப்பத்து முக்கோடி பேர் வருவார்கள். அவர் ஒருவரே என்று சொல்ல வந்தவர்களுக்கு அது ஒத்து வரவில்லை. உன் தோழியின் பாட்டி ஜெபத்தில் எந்தச் சொல்லைச் சொல்வார் என்று கேட்டுப் பார். பேச்சு நன்றாக நீளும்.

தொழுகிற தோழிக்கு அல்லாஹ் என்ற சொல்லே போதும். தமிழ் முஸ்லிம்கள் இறைவன், ஆண்டவன், நாயன் என்றும் தாராளமாகச் சொல்வார்கள்தான், ஆனாலும் அந்தப் பெயருக்கு அவை ஈடல்ல. குர்ஆனில் 112-ஆவது அத்தியாயம் நாலே வசனம். அவன் ஒருவன்; அவன் எவரிடத்தும் தேவையற்றவன்; அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை; அவனுக்கு நிகராக எவரும் இல்லை. உன் இரண்டு தோழிகளும் சேர்ந்து உன்னை மறுத்தார்களே, அவர்கள் ஒருவரோடொருவர் எங்கே பிரிகிறார்கள் என்பதும் இதே வசனத்தில் இருக்கிறது. ஒருத்திக்குக் கடவுள் மகனை அனுப்பினார், அந்த மகன் சிலுவையில் உயிர் விட்டார். மற்றவளுக்குக் கடவுளுக்கு மகன் என்ற பேச்சே கிடையாது. இதில் போய் ‘பேருதான் வேற’ என்றால் இரண்டு பேருக்கும் வலிக்கும்.

மதுரைக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. நான் இருக்கிற சோழவந்தானுக்குப் பக்கத்தில்தான் திருவேடகம். சமணரோடு நடந்த வாதத்தில் சம்பந்தர் வையையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்து ஒதுங்கிய இடம் என்று அந்தப் பெயருக்குக் காரணம் சொல்கிறோம். தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினார்கள் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. வரலாற்றில் நடந்ததா இல்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் பேசட்டும். கடவுள் எப்படிப்பட்டவர் என்ற வாதத்தின் முடிவில் கழுமரம் நிற்பதை ஒரு வெற்றியாகச் சொல்லும் பகுதியை நான் மனம் ஒப்பி ஒருநாளும் வகுப்பில் நடத்தியதில்லை.

இன்னொரு வாதமும் இதே மதுரையில் நடந்தது. அதை உனக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாண்டியன் வல்லபதேவன் சபையில் பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டு, பரம்பொருள் எது என்று நிறுவுகிறவர்க்கு இது என்று அறிவித்தான். திருவில்லிபுத்தூரில் பூ மாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் வந்தார், பேசினார், கிழி தானே வளைந்து அவருக்குத் தாழ்ந்தது என்பது வைணவர் சொல்லும் கதை. பாண்டியன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் வரச் செய்தான். அப்போது வானத்தில் பெருமாள் கருடன்மேல் காட்சி கொடுக்கிறார். இதுவரை கதை நாம் எதிர்பார்ப்பதுபோலத்தான் போகிறது. சபையில் இவரே எல்லாவற்றுக்கும் மேல், இவருக்கு மேல் ஒன்றுமில்லை என்று நிறுவிவிட்டு வந்தவர், கண்ணெதிரே அவரைக் கண்டதும் என்ன செய்திருக்க வேண்டும்? காலில் விழுந்திருக்க வேண்டும், மோட்சம் கேட்டிருக்க வேண்டும். அவர் பயந்துபோனார். இத்தனை அழகும் இப்படி வெட்டவெளியில் எல்லார் கண்ணும் படும்படி வந்து நிற்கிறதே, என்ன ஆகுமோ என்று பதறினார். யானையின் கழுத்து மணியைக் கையில் எடுத்துத் தாளம் தட்டிக்கொண்டு, ‘பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு’ என்று கடவுளுக்கு ஆயுசு வாழ்த்தினார். பிள்ளைக்குக் கண்ணேறு கழிக்கிற தாய் மாதிரி. அதன் பிறகு அவருக்குப் பெரியாழ்வார் என்று பெயர். பெருமாள் கோயில்களில் பிரபந்தம் சொல்லத் தொடங்கினால் இன்றும் முதலில் வருவது அந்தப் பல்லாண்டுதான்.

யோசித்துப் பார். சாவே இல்லாதவருக்கு நீடூழி வாழ்க என்று வாழ்த்து. எல்லாரையும் காப்பவருக்குக் காப்பு. தர்க்கப்படி தப்பு. இந்தத் தப்பைப் பின்னால் வந்தவர்களும் கவனித்திருக்கிறார்கள். பிள்ளைலோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். ஞான தசையில் காப்பவன் அவன், காக்கப்படுவது நாம் என்ற முறை அதனதன் இடத்தில் கிடக்கும். பிரேம தசையில் தட்டு மாறிக் கிடக்கும். முறை தலைகீழாகிவிடும் என்கிறார். அறிவோடு நிற்கும்போது அவன் நம்மைக் காக்கிறான். அன்பு ஏறிவிட்டால் நாம் அவனைக் காக்க ஓடுகிறோம்.

இதை எழுதியவர் எங்கே உயிர் விட்டார் தெரியுமா? 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கிலிருந்து படை வந்து திருவரங்கம் கலங்கியபோது, நம்பெருமாளின் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கே வந்த கூட்டத்துக்கு அவர்தான் மூத்தவர். நடக்க மாட்டாத வயது. யானைமலைக்கு அந்தப்புறம், கொடிக்குளத்தில் பெருமாளை மறைத்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தபோது அவர் காலம் முடிந்தது என்று வைணவ மரபு சொல்கிறது. தட்டு மாறும் என்று எழுதிய கைதான் உலகளந்தவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தது. கொடிக்குளத்துக்கு முதன்முதலில் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. அந்த மலையடியில் நின்றபோது அதுவரை படித்ததெல்லாம் வேறு விதமாகத் தெரிந்தது.

இப்போது சமணர்மலைக்குத் திரும்பி வா. கடவுளைப் பற்றிய கருத்துகள் மதத்துக்கு மதம் பிரிகின்றன என்று எல்லாரும் சொல்வார்கள். அதைவிட ஆழமான ஒரு பிளவு மதங்களுக்குள்ளேயே குறுக்கே ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கம், நம்மிடம் எதுவும் வேண்டாத கடவுள். செட்டிப்புடவில் இருப்பவர், உன் வகுப்பில் சொன்ன குணமற்ற பிரம்மம், தேவையற்றவன் என்ற குர்ஆன் வசனம், வேண்டுதல் வேண்டாமை இலான் என்ற குறள் எல்லாம் அந்தப் பக்கம். இன்னொரு பக்கம், நாம் இல்லாமல் முடியாத கடவுள். பெரியாழ்வாரின் பெருமாள், வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டுக்காகக் கூலிக்கு மண் சுமந்த சொக்கர், மார்கழிக் குளிரில் குடிலில் கிடக்கும் குழந்தை ஏசு, தங்கச்சி கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதே என்று மலையிலிருந்து இறங்கி ஓடிவரும் அழகர் எல்லாம் இந்தப் பக்கம். சித்தாந்தம் படித்த நான் பிட்டுத் திருவிழாவுக்குப் புட்டுத்தோப்பில் போய் நிற்கும்போது, காலையில் ஒரு பக்கமும் மாலையில் இன்னொரு பக்கமுமாகத்தான் இருக்கிறேன். இஸ்லாம் மட்டும் இதில் அசையாமல் ஒரே பக்கம் நிற்கிறது. கோரிப்பாளையம் தர்காவில் நெருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களே என்றால், அங்கே அடங்கியிருப்பவர் இறைநேசர், கடவுளல்ல. அந்த வித்தியாசத்தை உன் தோழி சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்.

அப்பத்தாவின் கருப்புக்கு வருகிறேன்.

உங்க அப்பத்தா ‘கருப்பு தண்டிக்கும்’ என்று சொல்லவில்லை, ‘கோவிச்சுக்கும்’ என்றது. கோர்ட்டு கோவிச்சுக்காது, அரசாங்கம் கோவிச்சுக்காது. சொந்தக்காரர்தான் கோவிச்சுக்குவார். பத்திரிகை வைக்கவில்லையென்றால், வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்கவில்லையென்றால் வருகிற கோபம் அது. அந்த ஒரு வினைச்சொல்லில் அப்பத்தா தன் கடவுள் கொள்கை முழுவதையும் சொல்லிவிட்டது. குலசாமி என்பது உலகுக்குப் பொதுவான தத்துவம் கிடையாது. அது உங்கள் வகையறாவுக்குச் சொந்தம். உன் அம்மாவுக்கும் எனக்கும் பிறந்த வீட்டுச் சாமி ஒன்று. கல்யாணமாகி உசிலம்பட்டிப் பக்கம் போனதும் அவளுக்குச் சாமி மாறியது. உனக்கு முதல் மொட்டை உங்கள் கருப்பு வாசலில்தான் அடித்தோம், என் மடியில் வைத்து. என் மடி, ஆனால் சாமி என்னுடையதில்லை. மாமன் என்ற முறையில் நான் அங்கே சீர் கொண்டுவந்த விருந்தாளி. பெண் தாலி கட்டிக்கொண்டதும் பிரம்மம் மாறுமா? மாறாது. கருப்பு மாறும். ஏனென்றால் அது உறவு.

மாசிச் சிவராத்திரிக்குச் சாமிப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் வகையறா மொத்தமும் நடக்குமே, அந்தப் பெட்டிக்குள் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சாமியின் உடைமைகள் இருக்கின்றன. பிழைக்கப் போன ஊரில் கோயில் கட்ட வேண்டுமென்றால் பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப் போவார்கள். சாமி எங்கும் நிறைந்திருந்தால் ஒரு பிடி மண் எதற்கு? அவர்கள் கணக்கில் சாமி எங்கும் நிறைந்ததில்லை. அது ஓர் இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து கையில் பிடித்துக் கொண்டுவந்தால் வரும். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சிலைகூடக் கிடையாது. அடைத்த கதவுதான் சாமி, அதற்குத்தான் சந்தனம். அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இன்றைக்கும் கை நடுங்கும். அழகரே மதுரைக்குக் கிளம்பும்போது கருப்பிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறார்.

இதைப் படிக்காதவர்களின் நம்பிக்கை, பெரிய கடவுளை எட்டமுடியாதவர்கள் வைத்துக்கொண்ட சின்னக் கடவுள் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதற்கு இருக்கும் வயது பாதித் தத்துவங்களுக்குக் கிடையாது. பகைவர் முன் நின்று தடுத்து, யானையை எறிந்து வீழ்ந்தவனுடைய கல்லைத்தான் கும்பிடுவோம், நெல் தூவிக் கும்பிட வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்று புறநானூற்றின் 335-ஆம் பாட்டு சொல்கிறது. உங்கள் ஊரிலிருந்து கணவாய் தாண்டினால் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பை. அங்கே 2006-இல் தமிழி எழுத்து வெட்டிய மூன்று நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில் ஆகோள் என்ற சொல் இருக்கிறது, மாடு கவரும் சண்டை. அதில் செத்தவனுக்கு ஊர் கல் வைத்தது. நமக்காகச் செத்தவன் சாமியாகிறான். அவனை நாம் மறந்தால் அவனுக்கு யாரும் இல்லை. அப்பத்தாவின் பயத்தில் பாதி அதுதான், தாயி. கருப்பு உன்னை என்ன செய்துவிடுமோ என்பதைவிட, பிள்ளைகள் வராவிட்டால் கருப்பு தனியாகிவிடுமே என்ற பயம்.

அப்படியென்றால் வகுப்பில் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்திலேயே சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. 1896 ஜூலையில் அந்த வீட்டு மாடியில், திருச்சுழியிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. பிணம் மாதிரி கைகாலை நீட்டிப் படுத்து, இந்த உடம்பு செத்தால் சாவது எது, நான் யார் என்று உள்ளுக்குள் பார்த்தான். உடம்பு போனாலும் போகாத ஒன்று தான் என்று அவனுக்குப் பட்டது. ஆகஸ்ட் 29-ஆம் தேதி வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பிறகுதான் அவர் ரமணர். உன் வகுப்பில் சொன்ன குணமற்றது என்பதை ஒரு பாடமாக இல்லாமல் ஓர் அனுபவமாகச் சொன்னவர் அவர். ஆனால் அந்த அனுபவத்துக்குப் பிறகு மதுரையில் இருந்த அந்த ஆறு வாரமும் அவர் என்ன செய்தார் தெரியுமா? சாயங்காலமானால் மீனாட்சி கோயிலுக்குப் போய், அம்மன் முன்னாலும் அறுபத்து மூவர் முன்னாலும் நின்று கண்ணீர் விட்டிருக்கிறார். அவரே சொன்னது இது. உருவமில்லாததை உள்ளே கண்டவருக்கு வெளியே உருவத்தின் முன்னால் அழுகை வந்தது. இதை முரண்பாடு என்று எழுதிவிடலாம். எனக்குத் தட்டு மாறியதுபோலத்தான் தெரிகிறது.

சாமி இல்லை என்கிற தோழியை நான் மறக்கவில்லை. அவளுக்கும் இந்த ஊரில் முன்னோர் உண்டு. மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில்தான் பிச்சையெடுத்து, கண்ணில்லாதவர், காதுகேளாதவர், காலில்லாதவர், யாருமில்லாதவர் என்று எல்லாருக்கும் முதலில் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிறான். அட்சய பாத்திரமும் அவனுக்குக் கிடைக்கிறது. இந்திரன் கிழவனாக வந்து வரம் தருகிறேன் என்கிறான். ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். அறம் செய்வாரும் இல்லாத, பிறரைக் காப்பாரும் இல்லாத உன் தேவலோகத்தை வைத்துக்கொண்டு எனக்கு என்ன தரப்போகிறாய் என்று கேட்கிறான். சோறு போடும் மனிதன் தேவராஜனைவிட உயரமாக நிற்கும் இடம் அது. 1931-இல் காந்தி, கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்ததைத் திருப்பிப் போட்டு, சத்தியமே கடவுள் என்றார். கடவுளை மறுப்பவனும் சத்தியத்தை மறுக்கமாட்டான் என்பது அவர் காரணம். அதே காந்தி எல்லாரையும் உள்ளே விடாதவரை மீனாட்சி கோயிலுக்குள் வரமாட்டேன் என்றிருந்தவர். 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடாமல் ஒதுக்கிவைத்திருந்த மக்களில் கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். அம்மன் கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று அன்றைக்குச் சொன்னவர்களும் உண்டு. தன் மக்கள் உள்ளே வந்ததும் எழுந்து போய்விடுகிற அம்மனை உன் தோழி மறுக்கிறாள் என்றால், அந்த மறுப்பில் நானும் அவளோடு நிற்கிறேன். அவள் எந்தக் கடவுளை இல்லை என்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள். அதில் பாதி நீயும் இல்லை என்று சொல்லக்கூடியதாகவே இருக்கும்.

எது நிஜம் என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும். உங்க அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி, நடைபாதையில் உட்கார்ந்து நான் கேட்டது பதியையோ பிரம்மத்தையோ இல்லை. பரிபாடலில், பொருளும் பொன்னும் போகமும் வேண்டாம், அருளும் அன்பும் அறனும் கொடு என்று முருகனிடம் கேட்கும் பாட்டை வருடா வருடம் நடத்தியவன் நான். அன்றைக்கு அருளும் வேண்டாம், அறனும் வேண்டாம், இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடு என்று மீனாட்சியிடம் மனுப் போட்டேன். கிடைக்கவில்லை. நாலைந்து மாதம் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. உங்க அப்பத்தா ஒருநாள் பஸ் ஏறி வந்து, ஒன்றும் கேட்காமல் என் நெற்றியில் துன்னூறு பூசிவிட்டு, “சாமியும் அழுதிருக்கும்ப்பா” என்றது. நான் படித்த எந்தச் சாஸ்திரத்திலும் அந்த வாக்கியம் இல்லை. எல்லாம் வல்லவர் என்றால் அழ வேண்டியதில்லை என்று உடனே மனதுக்குள் தர்க்கம் ஓடியது. ஆனால் அன்று சாயங்காலம் விளக்கேற்றினேன்.

அதனால் பரீட்சையை எழுது. அப்பத்தாவுக்குப் போன் போட்டு, உன் பேரில் மஞ்சத் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து கருப்பு முன்னால் வைக்கச் சொல். வர முடியாத பிள்ளைக்கு உறவு வைத்திருக்கிற வழி அது; அடுத்த மாசிக்கு நீயே போய் அவிழ்த்துக் கொடுக்கலாம். தோழிகளிடம் நீ சொன்ன வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘ராத்திரி படுக்கப் போகும்போது நீ என்ன கேட்பாய், யாரிடம் கேட்பாய்’ என்று ஒவ்வொருத்தியிடமும் கேள். யாரிடமும் கேட்காதவளிடம், அப்படியானால் கஷ்டத்தில் என்ன செய்வாய் என்று கேள்.

பரீட்சை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி ஒத்தக்கடையில் இறங்குங்கள். யானைமலையில் சமணத் திருமேனிகளையும் நரசிங்கப் பெருமாள் குடைவரையையும் பார்த்துவிட்டு, அப்படியே மலையைச் சுற்றிக் கொடிக்குளம் போகலாம். கிளம்பும்போது சொல். நானும் சோழவந்தானிலிருந்து வந்துவிடுகிறேன். வெயில் ஏறுமுன் போனால் நல்லது.